அலைக்கு நிழல் உண்டோ?

சித்தங்கேணியிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தில் இரண்டு வினாக்கள் உள. 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆந் திகதி எழுந்த சுனாமி சுமாத்திராவின் பக்கமிருந்து, அதாவது நமக்குக் கிழக்கேயிருந்து வந்தது. அவ்வாறாயின் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள காலியும் இக்கடுவையும் ஏன் அழிந்தன? தீவு முழுவதும் நடுவே நின்று அலையை மறைத்திருக்க வேண்டாமோ? இது முதல் வினா. மறைக்கவில்லை என்றால், நம் குடாநாட்டின் மேற்கே காரைநகரும் அராலியும் மட்டும் எப்படித் தப்பின? இது இரண்டாவது வினா.

இரண்டும் நல்ல வினாக்கள். ஒன்றற்குச் சொல்லும் விடை மற்றதற்கு முரணாக வந்துவிடுமோ என அஞ்சத்தக்க வினாக்களுங்கூட. விடை காண்பதற்கு, கடலைச் சிறிது நேரம் விட்டு, கோயிற் கேணியின் படிக்கட்டில் வந்து அமர்வோம்.

கேணியில் ஒரு கல்லை இட்டால் வட்டவட்டமாக அலை விரிகின்றது. நீரில் மிதக்கும் வேப்பிலையை நோக்குக. அலை வந்ததும் அது எழுகின்றது, தாழ்கின்றது, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கின்றது. கரைக்கு வந்து சேர்ந்தது கல் விழுந்த இடத்து நீரன்று. அந்நீரின் அசைவே வந்தது. ஒருவர் சொல்லை மற்றவர் வாங்கிச் சொல்ல, ஆள் நகராமலே செய்தி ஊர் முழுவதும் செல்வதில்லையா? அத்தகையது அலை.

தவிலை அடித்தால் தோல் அதிர்கின்றது. அண்டையிலுள்ள காற்று நெருங்குகின்றது, பின் தளர்கின்றது. அந்நெருக்கமும் தளர்ச்சியும் மாறிமாறி நம் செவிவரை வருகின்றன. நீரலையில் நீர்த்துளி ஏறக்குறைய வட்டமாகச் சுழல்கின்றது. ஒலியலையிற் காற்று, அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றது. ஒளியின் கதை வேறு. அங்கே ஆடுவதற்கு நீரும் இல்லை, காற்றும் இல்லை. மின்புலமும் காந்தப்புலமும், செல்லும் திசைக்குக் குறுக்காக மாறிமாறி வளர்ந்து தேய்வதே ஒளி என மாக்சுவெல் 1865இல் கணித்துக் காட்டினார். ஆதலால் சூரியனுக்கும் நமக்கும் இடையிலுள்ள வெறுவெளி ஒளிக்குத் தடையாகவில்லை. ஒலிக்கோ அவ்வெளி முழுவதும் பூட்டிய கதவு. சூரியனிற் கொந்தளிக்கும் பேரிரைச்சல் நம் செவிக்கு எட்டாதிருப்பது நாம் செய்த புண்ணியமே.

வேகமும் வெவ்வேறு. கேணியின் சிற்றலை செக்கனுக்கு ஒரு முழத்துக்குக் குறைவாகவே நகரும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும்; கடல்நீரில் 1,500 மீற்றர். ஒளியோ செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர். வேகத்தை வியந்து நின்றுவிடுவது நம் வழக்கம். ஆனால் வாசகியின் வினாவுக்குத் திறவுகோல் வேகத்திலன்று, அலைநீளத்தில் இருக்கின்றது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட தூரமே அலைநீளம்.

கோயில் வீதியில் திருவிழா நடக்கின்றது எனக் கொள்வோம். நீங்கள் மதிலின் மறைவில் நிற்கிறீர்கள். மின்விளக்கின் ஒளி உங்கள்மேல் விழவில்லை. மதிலின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் நிலத்திற் கிடக்கின்றது. ஆயினும் தவிலும் நாதசுரமும் கேட்கின்றன. ஒலி மதிலைச் சுற்றி வளைந்து வருகின்றது. ஒளி அவ்வாறு வளைந்து வருவதாகத் தோன்றவில்லை. நியூற்றனே இதனை ஒரு வாதமாக எடுத்தார். நீரலை தடையைச் சுற்றி வளைகின்றது, மலைக்கு அப்பால் அடிக்கும் மணியின் ஒலி இப்பாற் கேட்கின்றது, ஒளி மட்டும் அப்படி வளைவதில்லை. ஆகவே ஒளி அலையாக இருத்தல் இயலாது என்பது ‘ஒளியியல்’ என்னும் நூலில் அவர் கூறிய நியாயங்களுள் ஒன்று. அவ்வளவு பெரியவர் சொன்னமையால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அதனை மறுக்கப் பெரும்பாலோர் துணியவில்லை.

1818இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் இதுபற்றி ஒரு பரிசுப் போட்டி வைத்தது. பிரெனெல் என்னும் இளம் பொறியியலாளர் ஒளியை அலையென்றே கொண்டு கட்டுரை அனுப்பினார். நடுவர்களுள் ஒருவரான புவாசோன் பெருங் கணித வல்லுநர், அலைக்கொள்கையை ஏற்காதவர். அவர் பிரெனெலின் கணக்கையே எடுத்து மேலும் செலுத்தினார். அக்கணக்கின்படி, வட்டமான சிறு தகட்டின் நிழலில், சரி நடுவே, ஒரு வெளிச்சப் புள்ளி தோன்ற வேண்டும். நிழலின் நடுவில் வெளிச்சமா? இதைவிட நகைப்புக்கு இடமான முடிவு வேறு உண்டோ என்பது அவர் கருத்து. மற்றொரு நடுவரான அரகோ வாதத்தை விட்டுச் சோதனை செய்து பார்த்தார். புள்ளி அங்கே இருந்தது! தகட்டின் விளிம்பு முழுவதிலிருந்தும் வளைந்த அலைகள் நடுவிடத்துக்கு ஒரே தூரத்தால் வந்து, முகட்டோடு முகடு சேர்ந்து, ஒளியாயின. மறுப்பதற்கென்று செய்த கணக்கே நிலைநாட்டும் சான்றாகிவிட்டது. பரிசு பிரெனெலுக்கே சென்றது. இதற்கு ஐந்தாண்டுகளின் பின், 1823இல், நம் வட்டுக்கோட்டையிலே செமினரி தொடங்கி, அக்காலத்தார் இயற்கைத் தத்துவம் என வழங்கிய பௌதிகத்தையும் வானசாத்திரத்தையும் கற்பித்தது என்பதை நினைத்தால், இச்செய்திகள் நமக்கு அத்துணைத் தொலைவானவை அல்ல.

ஆகவே ஒளியும் வளைகின்றது. வளைவின் அளவுதான் மிகச் சிறிது. தடையின் பருமனை அலைநீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே விதி. பச்சை ஒளியின் அலைநீளம், ஒரு மில்லிமீற்றரை ஏறக்குறைய 2,000 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. அதற்கு நம் மதில் எல்லையற்ற மலை. நாதசுரத்தில் செக்கனுக்கு 1,000 முறை அதிரும் ஓர் ஒலியின் அலைநீளம் 35 சதமமீற்றர். தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கம் செக்கனுக்கு 100 அதிர்வு என்றால், அதன் அலைநீளம் மூன்றரை மீற்றர். மதிலின் உயரத்தையும் விஞ்சியது. நெடுந்தொலைவிலிருந்து திருவிழாவுக்கு நடந்து வருவோருக்கு முதலிற் கேட்பது தவிலின் அடியொலியே என்பதை யாவரும் அறிவர். குறுகிய அலைகள் வேலியாலும் வீட்டாலும் மறிக்கப்பட்டும் காற்றிலே தேய்ந்தும் போக, நெடிய அலை அவற்றைச் சுற்றி வந்துவிடுகின்றது. மத்திய அலை வானொலியும் ஒளியின் இனமே. ஆனால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 200 முதல் 600 மீற்றர். வீடும் பனந்தோப்பும் அதற்கு ஒரு பொருட்டாவதில்லை. கேணியிலும் இதனைப் பார்க்கலாம். விரல் மொத்தமான தடியை நட்டால் சிற்றலை அதைக் கவனியாமலே கடந்துபோம். படிக்கட்டின் நீண்ட கைச்சுவருக்குப் பின்னாலோ நீர் சிறிது அமைதியாகக் கிடக்கும்.

விளிம்பில் அலை வளைவதை நம் இலங்கைப் பாடநூல்கள் ‘கோணல்’ என்கின்றன. தமிழகத்தார் ‘விளிம்பு விளைவு’ என்பர். அவர்கள் சொல் நிகழும் இடத்தைக் காட்டுகின்றது, நம் சொல் நிகழ்வதையே காட்டுகின்றது. எனக்குக் கோணலே பிடிக்கும்.

இனிக் கடலுக்குச் செல்வோம். சுனாமி என்பது யப்பானியச் சொல். துறைமுக அலை என்பது பொருள். ஆழ்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தோர் ஒன்றும் உணராது, திரும்பி வந்து துறைமுகம் அழிந்து கிடக்கக் கண்டமையால் வந்த பெயர் என்பர். அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பது 2004இல் தெரிந்தது. நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின், ஜேசன்-1 என்னும் செய்மதி தற்செயலாக இந்து சமுத்திரத்தின்மேற் பறந்து அலையின் உயரத்தை அளந்தது. நடுக்கடலில் அது சுமார் 60 சதமமீற்றர். நம் முழங்கால் அளவு. அவ்வுயரமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடந்தது. ஒரு படகு அதன்மேல் ஏறி இறங்கப் பல நிமிடங்கள் சென்றிருக்கும். யார் உணர்வார்?

அந்நீளத்தையே வாசகி கவனிக்க வேண்டும். இலங்கையின் நீளம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர்; மிக அகன்ற இடத்தில் 225 கிலோமீற்றர். அலைநீளமும் இதே அளவினது. ஆகவே நமக்குப் பெருந்தீவாகத் தோன்றும் நாடு, அவ்வலைக்குக் கேணியில் நட்ட தடியைவிடச் சற்றுப் பெரிய ஒன்று. ஒளியாக இருந்திருப்பின் தீவின் பின்னே கூரிய நிழல் விழுந்திருக்கும். வந்தது தவிலின் முழக்கத்தை ஒத்த நெடிய அலை. அது தெய்வேந்திரமுனையைச் சுற்றி வளைந்தது.

வளைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இத்தகைய நெடிய அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீற்றரில் எடுத்து, 9.8ஆற் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்பது கிடைக்கும். பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் இக்கணக்கைச் செய்யலாம். 4,000 மீற்றர் ஆழத்தில் விடை 198. மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீற்றர், விமானத்துக்குச் சற்றுக் குறைந்த வேகம். 10 மீற்றர் ஆழத்திலோ மணிக்கு 36 கிலோமீற்றர் மட்டுமே. அலை கரையோரமாகச் செல்லும்போது, கரைப்பக்கத்து முனை ஆழங்குறைந்த நீரிற் பின்தங்க, கடற்பக்கத்து முனை முந்துகின்றது. சோடி மாடுகளில் ஒன்று தளர்ந்தால் வண்டி எப்பக்கம் திரும்பும்? அவ்வாறே அலையும் கரையை நோக்கித் திரும்புகின்றது. இது முறிவு. கண்ணாடி வில்லையில் ஒளி திரும்புவதும் இதே நியதியாலேதான். கோணலும் முறிவும் சேர்ந்து தென்மேற்குக் கரையை நிழலிலிருந்து இழுத்து அலையின் முன்னே நிறுத்தின. இன்னும் அப்பால், இந்தியாவின் மேற்குக் கரையிலே, கேரளத்துக் கொல்லம் மாவட்டத்திலும் உயிர்கள் மாண்டன.

பெரலியவில் நடந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. இக்கடுவைக்கு அண்மையிலுள்ள அச்சிற்றூரில், கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் சென்ற புகையிரதம் முதலலையால் நின்றுபோயிற்று. பாரமான வண்டி, தண்டவாளத்தின்மேல் உறுதியாக நிற்கின்றது. ஆகவே அதுவே காப்பு என ஊரவர் பலர் அதன்மேல் ஏறினர். வேறு பலர் பெட்டிகளின் பின்னே ஒதுங்கினர். சில நிமிடங்கள் கழித்து, முன்னையதினும் பெரிய அலை வந்தது. அங்கே இறந்தோர் 1,000க்கு மேற்பட்டோர். காற்றுக்கும் மழைக்கும் ஒரு பொருளின் மறைவில் ஒதுங்கிப் பழகிய மனிதர் வேறு என்ன செய்திருப்பர்? ஓர் அலையென்றால் அடுத்த முகடு ஒன்று பின்னே வரும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே பள்ளம் வருவதும் அலையின் இயல்பு. களுத்துறைக் கரையில் கடல் நெடுந்தூரம் உள்வாங்கி, அடிமணல் வெளித் தெரிந்து கிடப்பதை அன்று முற்பகல் செய்மதி எடுத்த படம் காட்டுகின்றது. வற்றிய கடலிற் மீன் பொறுக்கச் சென்றவர்கள் நின்றது அப்பள்ளத்தில்.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். தெற்கிலே முனையைச் சுற்றி வளைந்த அலை, பருத்தித்துறையைச் சுற்றி ஏன் அவ்வண்ணம் வரவில்லை? வளைந்தது, ஆனால் வலிவிழந்து வந்தது. குடாநாட்டின் கிழக்குக் கரை, திறந்த வங்கக் கடலைப் பார்த்தது. மணற்காடு, உடுத்துறை, மருதங்கேணி, வெற்றிலைக்கேணி ஆகிய ஊர்கள் பட்ட துயரை நாம் அறிவோம். எதிர்க்கரையில், நாகபட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் கோடியக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் மேற்கே கடல் முற்றிலும் வேறானது. பாக்கு நீரிணையும் அதன் உட்கடலும் பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்குக் குறைந்த ஆழமுடையவை. அங்கே நுழைந்த அலையின் வேகம் விமானத்திலிருந்து மோட்டார் வண்டிக்கு இறங்கிற்று. அடித்தளத்தோடு உராய்ந்து நெடுந்தூரம் வர வேண்டியதாயிற்று. வாயிலைக் கடந்தபின் விசிறிபோல் விரிந்து, தன்னிடமிருந்த ஆற்றலைப் பரந்த நீருக்குப் பங்கிட்டது. காரைநகர்க் கரைக்கும் அராலிக் கடலுக்கும் வந்து சேர்ந்தது அதன் எச்சமே. தெற்கிலோ கடல் கரைக்கு மிக அண்மையிலேயே பேராழமாகின்றது. அங்கே அலை தேய்வதற்கு வழி இருக்கவில்லை. நம்மைக் காத்தது நிலத்தின் மறைவன்று, நீரின் ஆழமின்மை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் ஆகாது.

இவ்விடத்தில், வாசகி கேளாத ஒரு வினாவை நானே எழுப்புகிறேன். அன்றைய நிலநடுக்கம் தொடங்கியது அக்காலத்து இலங்கை நேரப்படி காலை 6 மணி 59 நிமிடம். தொடங்கிய இடத்துக்கும் நம் கிழக்குக் கரைக்கும் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். அங்கிருந்து எல்லா அலைகளும் ஒருங்கே புறப்பட்டன எனக் கொண்டால், எது எப்போது வந்து சேரும்? பாறையினூடே வரும் அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் வரும். கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையிலே நிலநடுக்கமானி அதனைப் பதிந்தது. கடல்நீரினூடே செல்லும் ஒலி 18 நிமிடத்தில் வரும். தியேகோ கார்சியாத் தீவினருகே கடலுள் இட்டிருந்த ஒலிவாங்கிகள் அத்தகைய ஒலியைக் கேட்டன. நீரலைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒளிக்கும் அதன் உடன்பிறப்பான வானொலி அலைக்கும், ஒரு செக்கனை 200 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு போதும். இரண்டு மணி நேரம் முழுவதும் நம் கையில் இருந்தது. செய்தியை ஏற்றிச் செல்ல அலையும் இருந்தது. அனுப்புவோரும் வாங்குவோரும் இருக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கு எதுவும் அன்று இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இன்று ஆழ்கடலில் மிதவைகள் இட்டிருக்கின்றார்கள். அவற்றின் அமைப்பைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு வியப்பே உண்டாகின்றது. மூவகை அலைகளும் அங்கே கூட்டுத் தொழில் செய்கின்றன. கடலடியில் ஓர் அழுக்கமானி கிடக்கின்றது. மேலே செல்வது காற்றெழுப்பிய அலையாயின் அதன் அசைவு அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. சுனாமியோ மேற்பரப்பு முதல் அடித்தளம் வரை நீர் முழுவதையும் அசைப்பது. ஆகவே சில சதமமீற்றர் உயர்வையும் அக்கருவி உணர்கின்றது. உணர்ந்ததை மேலே சொல்ல வேண்டும். வானொலி அலையால் இயலாது. உப்புநீர் அதனை உடனே விழுங்கிவிடும். ஒளியாலும் இயலாது, சூரிய ஒளியே 200 மீற்றருக்குக் கீழ் ஏறக்குறைய முற்றும் மங்கிவிடுகின்றது. ஒலி ஒன்றே நீரை நம்பிச் செல்லத்தக்கது. 4 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து மூன்று செக்கனுக்குள் அது மிதவையை அடைகின்றது. மிதவையிலிருந்து செய்மதிக்கு ஒலி செல்லாது, இடையில் வெறுவெளி. அங்கே வானொலி அலை வேலையைப் பொறுப்பேற்கின்றது.

அச்செய்தி ஐதராபாத்தில் 2007ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையத்துக்குச் செல்கின்றது. அவுத்திரேலியாவிலும் இந்தோனேசியாவிலும் உள்ள நிலையங்களோடு சேர்ந்து அது 2011 முதல் இந்து சமுத்திர நாடுகளுக்கு எச்சரிக்கை விடுத்து வருகின்றது. இலங்கையில் 2005இன் சட்டத்தின்வழி அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்களும் நிறுவப்பட்டன. அக்கோபுரத்திலிருந்து குடிசைவரை உள்ள கடைசிப் பாதையில் மீண்டும் ஒலியே செல்கின்றது. இரவிலும் செல்லும், கண் மூடி உறங்குவோரையும் எழுப்பும், கிடுகு வேலிக்கு அப்பாலும் கேட்கும். சிவப்பு விளக்கொன்றை ஏற்றி வைத்தால் இவற்றுள் ஒன்றும் நடவாது.

2012ஆம் ஆண்டு சித்திரை 11ஆந் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் மற்றொரு பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது. நம் கிழக்குக் கரை மக்கள் மேட்டு நிலங்களுக்குச் சென்றனர். அன்று பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டிலேயே நகர்ந்தன. அதனாற் கடல்நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. கரைக்கு வந்த அலை மிகச் சிறிது. எச்சரிக்கை நீக்கப்பட்டதும் மக்கள் வீடு திரும்பினர்.